நான்காவது மாடியில் இரண்டு புள்ளி ஆறு நொடி

அம்மா முப்பத்தொரு வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தாள். லிஃப்ட் செய்யும் கம்பெனி. லிஃப்ட்டை இயக்கும் சின்ன எலக்ட்ரானிக் போர்டுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. எந்த மாடியில் பொத்தானை அழுத்தினார்கள், எந்தப் பெட்டி அங்கே போக வேண்டும், கதவு எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். முதல் மூன்று வருடம் எழுதினாள். மீதி இருபத்தெட்டு வருடம் எழுதியதை வேகப்படுத்தினாள்.

அவள் இறந்த ஏழாவது வாரம் அப்பா ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தைத் தபாலில் வரவழைத்துப் பூர்த்தி செய்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. 'தரைத்தள அறை' என்ற கட்டத்தில் இரண்டு முறை டிக் அடித்திருந்தார்.

"என்னப்பா இது?"

"கால் போச்சும்மா. லிஃப்ட்டுல இருந்து இறங்க முடியல. நான் வெளிய வர்றதுக்குள்ள கதவு மூடிடுது. ரெண்டு தடவை இடிச்சுது. மூணாவது தடவை உக்காந்துட்டேன்."

"எங்க?"

"லிஃப்ட்டுலதான். பாதி உள்ள, பாதி வெளிய. எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து தூக்கினாங்க. அவங்களுக்கு என்னைவிட நாலு வயசு ஜாஸ்தி."

அப்பா முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை மாட்டியதே அவர்தான். விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "உங்கம்மா போனா, கூடவே என் காலையும் எடுத்துட்டுப் போயிட்டா" என்றார். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பப் போவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது. அவர் கீழே இறங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது போர்டில் மொத்தமே நான்கு கிலோபைட் இடம். இன்று போனில் வரும் ஒரு குட் மார்னிங் படம் அதைப்போல ஐம்பது மடங்கு. அந்தப் போர்டில் இருந்த சிப்புக்குப் பெருக்கத் தெரியாது, திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்கும். அதனால் அம்மா விடைகளை முன்கூட்டியே கணக்குப் போட்டு, வாய்ப்பாடு மாதிரி ஓர் அட்டவணையில் வைத்துவிடுவாள். சிப் பெருக்காது, பார்த்து எழுதும். லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், ஆயிரம் முறை நடக்கும் கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தந்தால், அதை வெளியே எடுத்து ஒரே முறை போடுவாள். இதெல்லாம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைகள்தான். எங்கே செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

"எது மெதுவா ஓடுதுன்னு நீயா முடிவு பண்ணாத. நீ நினைக்கிற இடத்துல அது இருக்கவே இருக்காது. முதல்ல அள" என்பாள். போர்டில் காலியாக இருக்கும் ஒரு பின்னில், அதாவது கம்பி முனையில், வயரை இணைத்து, மின்னலையைத் திரையில் காட்டும் கருவியில் மாட்டுவாள். நிரலின் ஒரு பகுதிக்குள் நுழையும்போது அந்த முனையின் மின்னழுத்தம் மேலே போகும், வெளியே வரும்போது கீழே வரும். திரையில் தெரியும் மேட்டின் அகலம்தான் அந்தப் பகுதி எடுத்துக்கொண்ட நேரம். அதைப் பார்த்த பிறகுதான் கை வைப்பாள்.

கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'அரை நொடி'. வீட்டுக்குப் போன் செய்து, "அரை நொடி இருக்காங்களா?" என்றே கேட்பார்கள். பட்டப்பெயர் வைத்ததில் அவளுக்கு வருத்தமில்லை. "அரை நொடிங்கறது ரொம்ப ஜாஸ்தி, அவ்வளவெல்லாம் யாரும் விட்டு வெக்க மாட்டாங்க" என்பதுதான் ஆட்சேபம்.

அவளும் அப்பாவும் முதலில் பேசியது கம்பெனியின் வயர்லெஸ்ஸில். அப்பா பதினொரு மாடிக் கட்டடத்தில், பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"இந்த போர்டுக்கு யாருங்க நிரல் எழுதினது? கையை எடுக்கறதுக்குள்ள கதவு மூடுது."

"நான்தான். கையை எவ்வளவு நேரத்துல எடுப்பீங்க?"

"இது என்னங்க கேள்வி? எடுக்கற நேரத்துல எடுப்பேன்."

"அளந்து சொல்லுங்க. மாத்தித் தரேன்."

அப்பா அளந்து சொன்னார். அது கல்யாணத்தில் முடிந்தது. இந்தக் கதையை அப்பா யாரிடம் சொன்னாலும் 'பன்னெண்டு மாடி' என்றுதான் ஆரம்பிப்பார். அம்மா உள்ளே இருந்தே "பதினொண்ணு" என்பாள். அப்பா சொல்லும் எந்த எண்ணையும் அவள் திருத்தாமல் விட்டதில்லை.

வீட்டிலும் இதே வேலைதான். குளியலறை ஒன்று, ஆள் மூன்று. அப்பாவுக்கு நான்கு நிமிடம், எனக்கு ஏழு, அவளுக்கு ஒன்பது. குறைந்த நேரம் எடுப்பவர் முதலில் போனால் எல்லாரும் காத்திருக்கும் சராசரி நேரம் குறையும். அதன்படி வரிசை போட்டு கதவில் ஒட்டிவைத்தாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு வேலை ஒன்பதரைக்கு, எனக்குப் பள்ளிக்கூடம் எட்டுக்கு.

"அம்மா, எனக்கு லேட் ஆகுது."

"சராசரி ரெண்டு நிமிஷம் குறைஞ்சிருக்குடி."

"ஸ்கூலுக்குச் சராசரியா போகுது? நான்தானே போறேன்."

மறுநாள் காகிதம் கதவில் இல்லை.

அந்த வருடமே ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூன்று லிஃப்ட்டுகளுக்கான கணக்கை மாற்றி எழுதினாள். ஒவ்வொரு பெட்டியும் தனக்குப் பக்கத்தில் அழைத்த மாடிக்கே முதலில் போகும். காத்திருக்கும் நேரம் சராசரியாக முப்பத்தொரு நொடியிலிருந்து இருபத்திரண்டாகக் குறைந்தது. கம்பெனியில் பாராட்டினார்கள். ஒரே வாரத்தில் ஏழாவது மாடியிலிருந்து புகார் வந்தது, நான்கு நிமிடம் நிற்கிறோம் என்று. எந்தப் பெட்டிக்கும் எப்போதும் ஏழாவது மாடியைவிடப் பக்கத்தில் வேறொரு மாடி இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அம்மா ஸ்டாப்வாட்ச்சோடு போய் ஏழாவது மாடியில் இரண்டு நாள் நின்றாள். பிறகு, ஓர் அழைப்பு காத்திருக்கக் காத்திருக்க அதன் கனம் கூடுகிற மாதிரி கணக்கை மாற்றினாள். சராசரி இருபத்துநான்குக்கு ஏறியது.

"இருபத்திரெண்டுல இருந்ததை இப்படி ஏத்திவிட்டுட்டீங்களேம்மா" என்றாராம் மேலாளர்.

"ஏழாவது மாடில போய் ஒரு நாள் நில்லுங்க சார், அப்புறம் பேசலாம்."

அன்று வீட்டுக்கு வந்து, "சராசரிங்கறது யாருமே குடியில்லாத மாடி" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினாள்.

நான் வேறு பக்கம் போனேன். சிப் வடிவமைப்பு. சிப்புக்குள் ஒவ்வொரு சிக்னலும் சரியான நேரத்துக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. தாமதமாக வந்தால் தப்பு. அது எல்லாருக்கும் புரியும். சீக்கிரம் வந்தாலும் தப்பு. பழைய மதிப்பைப் படித்து முடிப்பதற்குள் புதியது வந்து மேலே ஏறிவிடும், சிப் தப்பான விடை தரும். இதைச் சரிசெய்ய, அந்த வழியில் எந்த வேலையும் செய்யாத இரண்டு மூன்று சின்ன உறுப்புகளைச் செருகுவோம். சிக்னல் அவற்றைக் கடந்து வரும். அவ்வளவு நேரம் தாமதமாகும். அவற்றுக்கு வேறு வேலை கிடையாது.

அம்மாவுக்கு இது அசிங்கமாகப் பட்டது.

"தாமதத்தைத் தேடிப் பிடிச்சு உள்ள வெக்கிறீங்களா?"

"சில இடத்துல வெச்சாத்தான் வேலை நடக்கும்மா."

"இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா? நான் எடுத்ததையெல்லாம் நீ திரும்ப வெச்சுட்டிருக்க."

ஐந்து வருடமாக எங்களுக்குள் இருந்த ஒரே தொழில்முறைச் சண்டை இதுதான். அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் அப்பா வேலையிடத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்தார்கள். அதோடு வேலையை விட்டார். முதலில் வாக்கர், பிறகு கைத்தடி. தினமும் காலையில் கீழே இறங்கி, தெருமுனைக் கடையில் பழைய மெக்கானிக்குகள் நாலு பேரோடு டீ குடித்துவிட்டு வருவார். லிஃப்ட்டில் பின்சுவரை ஒட்டித்தான் நிற்பார். மெக்கானிக்குகள் அப்படித்தான் நிற்பார்களாம், முன்னால் நிற்பது பயணிகளின் வேலையாம். திரும்பி வரும்போது அம்மா வீட்டு வாசலில் நிற்பாள். லிஃப்ட் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே.

"நாலு நொடிக் கதவு இது. நானே வெச்ச கணக்கு. மூணரைல வெளிய வந்துட்டேன் பாத்தியா" என்பார் அப்பா.

"ஆமா" என்பாள் அம்மா.

இந்த எண்ணை மட்டும் அவள் திருத்தியதில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

அவள் இறந்தது அலுவலகத்தில், காலை பத்தரைக்கு, நாற்காலியில். மூளையில் ஒரு ரத்தக்குழாய். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. அது நல்ல வேகம். லிஃப்ட்டும் உடனே வந்ததாகச் சொன்னார்கள்.

விண்ணப்பத்தைப் பார்த்த மறுநாள் சமையலறை இழுப்பறையிலிருந்து அவளுடைய ஸ்டாப்வாட்ச்சை எடுத்தேன். எல்லா மாடிக்கும் போய் வந்தேன். தரைத்தளத்தில் கதவு எட்டு நொடி திறந்திருந்தது. எல்லாக் கட்டடத்திலும் தரைத்தளத்துக்குக் கூடுதலாகத்தான் வைப்பார்கள். மற்ற மாடிகளில் நான்கு நொடி. எங்கள் நான்காவது மாடியிலும் அதே நான்கு.

பிறகு அப்பாவை உள்ளே நிற்க வைத்து, கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாங்க" என்றேன். ஆறு புள்ளி மூன்று.

"எவ்வளவு?"

"பரவாயில்லப்பா."

"போன மாசம்வரைக்கும் மூணரை. வேணும்னா உங்கம்மாவைக் கேளு" என்றார். சொன்ன பிறகு கைத்தடியைப் பார்த்தார்.

அவர் கோப்பில் ஆறு மாதத்துக்கு முந்தைய பிசியோதெரபி தாள் இருந்தது. பத்து மீட்டர் நடக்க இருபத்தொரு நொடி. வராந்தாவில் டேப் வைத்து அளந்து நடக்கச் சொன்னேன். இருபத்தொன்றரை. ஆக, கால் எங்கும் போகவில்லை, ஆறு மாதமாக அங்கேயேதான் இருக்கிறது. இப்படி நடக்கிறவர் நான்கு நொடிக் கதவை ஒரு நாளும் தாண்டியிருக்க முடியாது. ஆனால் ஏழு வருடம் தினமும் தாண்டியிருக்கிறார்.

கீழே வாட்ச்மேனைக் கேட்டேன்.

"லிஃப்ட்டுல ஏதாவது வேலை நடந்துதா?"

"போர்டு மாத்தினாங்கம்மா. அது ஆச்சு மூணு வாரம். பழசு பாவம், அதுக்கும் வயசாயிடுச்சு."

கம்பெனிக்குப் போனேன். அம்மாவின் இடத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். முன்மண்டையில் முடி இல்லை. அம்மாவோடு நான்கு வருடம் வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினார், அது எந்த நாற்காலி என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினார். இருவரும் நின்றுகொண்டே பேசினோம்.

"புதுச் சிப் மேடம். பெரிய மேடம் எழுதினதுல ஒரு வரிகூட மாத்தல. கம்பைலரை மட்டும் உச்ச வேகத்துல வெச்சேன். முப்பத்தெட்டு சதவீதம் வேகம் கூடியிருக்கு. அவங்க இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். உச்ச வேகத்தில் வைத்தால் அது கறாராகிவிடும். ஒரு கணக்கின் விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் அந்தக் கணக்கையே தூக்கி எறிந்துவிடும். நம்மிடம் கேட்காது.

"கதவு மூடற பகுதியைத் திறங்க. அதுல நாலாவது மாடின்னு எங்கயாவது வருதா பாருங்க."

தேடினார். ஒரே ஓர் இடத்தில் வந்தது. எங்கள் கட்டடத்தின் எண், நான்காவது மாடி, இரண்டும் பொருந்தினால் ஒரு துணைநிரலைக் கூப்பிடு. அம்மா ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் விளக்கம் எழுதுகிறவள். இந்த வரிக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. துணைநிரலின் பெயர் ஐந்து ஆங்கில எழுத்து. எஸ், யு, எம், எம், ஏ.

"ஓ, இதுவா? இது கூட்டிச் சரிபார்க்கறது மேடம். சம்மா. அகராதியில பாத்தேன், லத்தீன்ல கூட்டுத்தொகைன்னு அர்த்தம் போட்டிருந்துது. ஆனா உள்ள எதையுமே கூட்டல. ஒண்ணுல ஆரம்பிச்சு எண்ணுது, எங்கயோ போய் நிக்குது, எண்ணினதை யார்கிட்டயும் சொல்லல. ஏதோ பாதில விட்டுட்டாங்க போலன்னு நினைச்சேன். கம்பைலரே எடுத்துடுச்சு."

"சத்தமா படிங்க."

"சம்மா."

"இங்கிலீஷ் மாதிரி இல்லாம."

"சுமா." திரையைப் பார்த்தார். "சும்..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சும்மா" என்றார்.

பிறகு அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பழைய பதிப்புகள் எல்லாம் தேதிவாரியாகக் கணினியில் இருந்தன. இந்தத் துணைநிரலுக்கு மட்டும் ஏழு வருடத்தில் ஏழு திருத்தம். அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ஐந்து நொடி. மூன்று மாதம் கழித்து, வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறிய வாரம், மூன்று புள்ளி ஒன்று. அடுத்த வருடம் ஒன்று புள்ளி நான்கு. நன்றாக நடந்திருக்கிறார். அதன்பின் ஏறுமுகம். ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி ஒன்பது, இரண்டு புள்ளி இரண்டு. கடைசித் திருத்தம் அம்மா இறப்பதற்கு ஐந்து வாரம் முன்பு. இரண்டு புள்ளி ஆறு. வழக்கமான நான்கோடு சேர்த்தால் ஆறு புள்ளி ஆறு. அப்பாவின் ஆறு புள்ளி மூன்றுக்குமேல் ஐந்து சதவீதம். அம்மா எதிலும் ஐந்து சதவீதம் கூடுதலாக விடுவாள்.

அப்பாவின் மருத்துவக் கோப்பில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

வாசலில் அவள் எப்படி நிற்பாள் என்று யோசித்தேன். வலது கை எப்போதும் நைட்டியின் பாக்கெட்டுக்குள் இருக்கும்.

"கதவு நேரத்தைக் கூட்டணும்னா செட்டிங்ஸ்ல போட்டிருக்கலாமே. எதுக்கு நிரலுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க?" என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "செட்டிங்ஸ்ல மாத்தினா லிஃப்ட் பதிவேட்டுல எழுதணும். காரணத்தோட."

பதிவேடு தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதை இந்தக் கட்டடத்தில் படிக்கும் ஒரே ஆள் அப்பா. ஒவ்வொரு வரியையும் படிப்பார், எழுத்துப்பிழையைத் திருத்துவார்.

நான் வேலையில் இறங்கினேன். பழைய லூப்பை அப்படியே திரும்ப வைக்க முடியாது. புதுச் சிப் வேகமானது, அதே எண்ணிக்கையைக் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிடும். எண்ணுவதற்குப் பதிலாக சிப்பிலேயே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும்படி எழுதினோம். இதில் கை வைக்காதே என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு சொல் உண்டு, அதையும் சேர்த்தோம். பெயரை மாற்றவில்லை. அவர் பக்கத்தில் விளக்கம் எழுதப் போனார். வேண்டாம் என்றேன்.

"நிரலை மாத்தினாலும் பதிவேட்டுல ஒரு வரி எழுதியாகணும் மேடம். இப்பல்லாம் ரொம்பக் கண்டிப்பு. என்ன எழுதட்டும்?"

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். 'போர்டு மாற்றியபோது விடுபட்ட நேர அமைப்பு மீண்டும் சேர்க்கப்பட்டது.' பொய் இல்லை.

மறுநாள் காலை அவர் வந்து புது நிரலை ஏற்றிவிட்டுப் போனார். நான் அப்பாவிடம், "லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணியிருக்காங்களாம், கீழ போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

"என்ன ரிப்பேர்?"

"எனக்கென்ன தெரியும்? பதிவேட்டுல எழுதியிருப்பாங்க."

பதினெட்டு நாளுக்குப் பிறகு செருப்பைப் போட்டார். போனார். டீயும் குடித்திருப்பார் போல, முக்கால் மணி நேரம் ஆனது. நான் வாசலில் நின்றேன். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. பின்சுவரை விட்டுக் கிளம்பி, கைத்தடியை முன்னால் ஊன்றி, ஒவ்வோர் அடியாக வந்தார். வலது கால், தடி, தகடு வைத்த கால். லிஃப்ட் வாசலைத் தாண்டி இரண்டாவது காலை எடுத்து வைத்தார். கதவு அதன்பிறகுதான் நகர்ந்தது.

திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேர அமைப்பு விட்டுப்போச்சாம். எழுதியிருக்கான். நான்தான் அப்பவே சொன்னேனே, கதவுலதான் கோளாறுன்னு."

"ஆமாப்பா."

"மூணரை. பாத்தியா?"

"பாத்தேன்."

உள்ளே வந்து மேஜையில் இருந்த விண்ணப்பத்தை எடுத்து, முதுகுப்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, டெலிபோன் பக்கத்தில் எண்கள் குறிப்பதற்காக வைத்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஆமா, நீ எதுக்கு வாசல்லயே நின்ன?"

"சும்மாதான்."

"உங்கம்மாவும் இப்படித்தான் நிப்பா" என்றார்.

சமையலறைக்குப் போய் பாக்கெட்டிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்துப் பார்த்தேன். ஆறு புள்ளி நான்கு. பதினெட்டு நாளாக வெளியே போகாத கால். ஐந்து சதவீதத்துக்குக் கணக்குப் போட்டேன். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து, இரண்டு புள்ளி ஏழு என்றேன்.